சார்ட் ஜேஎஸ்ஸில் ரேடார் சார்ட்: முதல் முறை அமைப்பவர்களுக்கு

ஒரு பொருளின் பல குணங்களை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது ரேடார் சார்ட்தான். நடுவிலிருந்து நாலாபுறமும் கிளம்பும் அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சுற்றி இணைக்கும் கோடு. சிலந்தி வலை போல இருப்பதால் ஸ்பைடர் சார்ட் என்றும் சொல்வார்கள்.

சார்ட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை (இணையப் பக்கத்தில் படம் வரைய உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து இதைத் திரையில் வரவழைப்பது சுலபம். வந்த படம் சரியான சேதியைச் சொல்கிறதா என்பது வேறு விஷயம். நூலகத்தின் இயல்புநிலையை அப்படியே விட்டுவிட்டால் சுமாரான மதிப்பெண்கூட பூஜ்யம் மாதிரி தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் நிறத்துக்குக் கொஞ்சம் இடமும் அளவுகோலுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. அமைப்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். ஒரு பெயரில் இரண்டு மூன்று சொற்கள் இருந்தால் இடைவெளி விடாமல் சேர்த்து, இரண்டாவது சொல்லிலிருந்து முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் நூலகம் எந்தப் பிழையும் காட்டாது. அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ரேடார் தேவைதானா

வரையத் தொடங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று அச்சுகள் இல்லாமல் ரேடாருக்கு வடிவமே கிடையாது. ஐந்து முதல் எட்டு வரை இருந்தால் நன்றாக இருக்கும். பத்தைத் தாண்டினால் பெயர்கள் ஒன்றோடொன்று முட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வரும் வடிவங்கள் இரண்டு இருந்தால் நல்லது, மூன்று என்றால் சமாளிக்கலாம், நான்காவது வந்தால் எந்தக் கோடு யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். மாதாமாதம் மாறும் எண்களைக் காட்டக் கோட்டுப் படமும், எது பெரியது என்று துல்லியமாக ஒப்பிடப் பட்டைப் படமும் இருக்கின்றன. இரண்டு பொருள்களில் எது எந்தப் பக்கம் பலம், எந்தப் பக்கம் பலவீனம் என்று மொத்தமாகக் காட்டத்தான் ரேடார்.

இரண்டு மடிக்கணினிகளை ஒப்பிடுவதை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வேகம், பேட்டரி, திரை, கீபோர்டு, எடை, சத்தம் என்று ஆறு அச்சுகள்.

பக்கத்தைத் தயார் செய்வது

சார்ட் ஜேஎஸ் என்பது 2013-ல் நிக் டவுனி தொடங்கிய திறந்த மூல நூலகம். படத்தை எச்டிஎம்எல்லின் கேன்வாஸ் உறுப்புக்குள் வரைகிறது. ஆகவே பக்கத்தில் ஒரு கேன்வாஸ் வேண்டும், அதற்கு ஒரு ஐடி வேண்டும். கேன்வாஸைத் தனியாக விடாமல் ஒரு டிவ்வுக்குள் வையுங்கள். அந்த டிவ்வில் கேன்வாஸைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சிஎஸ்எஸ்ஸில் அதன் பொசிஷன் ரிலேட்டிவ் என்று இருக்க வேண்டும். நூலகம் தன் அளவைத் தாய் உறுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தலைப்பும் பொத்தானும் அதே டிவ்வில் இருந்தால் கணக்கு குழம்பும்.

நூலகத்தைச் சேர்க்க இரண்டு வழி. பழகும்போது ஜேஎஸ்டெலிவர் போன்ற சிடிஎன்னிலிருந்து (கோப்புகளை இணையம் வழியே வழங்கும் சேவை) ஒரு ஸ்கிரிப்ட் வரியாகச் சேர்ப்பதே மேல். எல்லாப் பகுதிகளும் கூடவே வந்துவிடும், சார்ட் என்ற பெயர் பக்கம் முழுவதும் கிடைக்கும். பதிப்பு எண்ணையும் முகவரியில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பெரிய பதிப்பு வரும் நாளில் உங்கள் பக்கமும் கேட்காமலே மாறிவிடும்.

என்பிஎம் என்ற பொதி நிறுவும் கருவி வழியாக நிறுவினால் ஒரு படி கூடுதல். மூன்றாம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், நூலகம் துண்டு துண்டாக வருகிறது. தேவையானதை மட்டும் இறக்குமதி செய்து, ரெஜிஸ்டர் என்ற செயற்கூறிடம் (ஃபங்ஷன்) பதிவு செய்ய வேண்டும். ரேடாருக்கு வேண்டியவை: ரேடார் கன்ட்ரோலர், ரேடியல் லீனியர் ஸ்கேல், பாயின்ட் எலிமென்ட், லைன் எலிமென்ட், ஃபில்லர், அப்புறம் டூல்டிப் (கர்சரை வைத்தால் வரும் பெட்டி), லெஜண்ட் (எந்த நிறம் எதற்கு என்று காட்டும் பெயர்ப் பட்டியல்). இவற்றுக்கும் சார்ட் என்ற பெயருக்கும் முதல் சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ரேடியல் லீனியர் ஸ்கேலை விட்டால், பதிவு செய்யப்படாத அளவுகோல் என்று கன்சோலில் பிழை வரும், படம் வராது. ஃபில்லரை விட்டால் படம் வரும், ஆனால் உள்ளே நிறம் நிரம்பாது. இந்தப் பட்டியலே வேண்டாம் என்றால் பொதியின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆட்டோ என்று சேர்த்து இறக்குமதி செய்யுங்கள். எல்லாம் தானாகப் பதிவாகும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

தரவை அடுக்குவது

நியூ சார்ட் என்று அழைக்கும்போது இரண்டு விஷயங்கள் கொடுக்கிறோம். முதலாவது கேன்வாஸ். இரண்டாவது ஒரு பெரிய ஆப்ஜெக்ட். அதற்குள் மூன்று கிளைகள்: டைப், டேட்டா, ஆப்ஷன்ஸ். டைப்பில் ரேடார் என்று எழுதுங்கள்.

டேட்டாவுக்குள் லேபிள்ஸ் என்ற வரிசையும் டேட்டாசெட்ஸ் என்ற வரிசையும் இருக்கும். லேபிள்ஸில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை அச்சு. முதல் பெயர் உச்சியில் நிற்கும், மற்றவை கடிகாரச் சுற்றில் போகும். டேட்டாசெட்ஸில் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் ஓர் ஆப்ஜெக்ட். அதில் லேபிள் என்பது மடிக்கணினியின் பெயர், டேட்டா என்பது ஆறு எண்கள்.

எண்களின் வரிசை லேபிள்ஸின் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். எந்த எண் எந்த அச்சுக்கு என்று நூலகம் பெயர் பார்த்து முடிவு செய்வதில்லை, இடம் பார்த்துத்தான். லேபிள்ஸை மட்டும் இடம் மாற்றி, எண்களை மாற்ற மறந்தால் படம் அழகாகவே வரும், தகவல் முழுக்கத் தப்பாக இருக்கும். ஒரு மதிப்பு தெரியவில்லை என்றால் பூஜ்யம் போடாதீர்கள். மதிப்பு இல்லை என்று பொருள்படும் நல் என்ற ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும். அறுந்த இடத்தை இணைத்துக் காட்ட ஸ்பான் கேப்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இருந்தாலும் தெரியாததைத் தெரியாததாகவே விடுவது நேர்மை.

அலகுகளைச் சமன் செய்வது

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. பேட்டரி மணிக்கணக்கில் இருக்கிறது, எடை கிலோவில், சத்தம் டெசிபலில், திரையின் வெளிச்சம் நிட்ஸில். ரேடார் சார்ட்டில் எல்லா அச்சுகளுக்கும் அளவுகோல் ஒன்றுதான். 400 நிட்ஸையும் 1.2 கிலோவையும் ஒரே அளவுகோலில் வைத்தால் எடை நடுப்புள்ளியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே எல்லாவற்றையும் 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் மதிப்பெண். பேட்டரிக்கு 0 முதல் 15 மணி என்று வைத்தால், 12 மணி நேரம் நிற்கும் முதல் மடிக்கணினிக்கு 80, 7 மணி நேரம் நிற்கும் இரண்டாவதுக்கு 47.

எடையும் சத்தமும் தலைகீழ். குறைய இருந்தால்தான் நல்லது. ரேடாரில் வெளியே போனால் நல்லது என்றே கண் எடுத்துக்கொள்ளும். ஓர் அச்சில் மட்டும் உள்ளே இருப்பது நல்லது என்று சொன்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே இவற்றுக்கு மேல் எல்லையிலிருந்து மதிப்பைக் கழியுங்கள். எடைக்கு 1 முதல் 3 கிலோ என்று வைத்தால், 1.2 கிலோ எடையுள்ளதற்கு 90 மதிப்பெண், 2 கிலோவுக்கு 50. அச்சின் பெயரையும் எடை என்பதற்குப் பதில் எடை குறைவு என்றோ தூக்க எளிது என்றோ மாற்றிவிடுங்கள்.

சத்தத்துக்கு 25 முதல் 50 டெசிபல் என்று வைத்து, மற்றவற்றையும் இப்படியே மாற்றினால் நம் இரண்டு வரிசைகள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்:

முதல் மடிக்கணினி: 55, 80, 80, 70, 90, 80
இரண்டாவது: 90, 47, 60, 80, 50, 32

எல்லைகளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது, படத்தின் மொத்தத் தோற்றமும் அதில்தான் இருக்கிறது. கையில் உள்ள இரண்டு பொருள்களின் சிறிய மதிப்பையும் பெரிய மதிப்பையுமே எல்லைகளாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஒவ்வோர் அச்சிலும் ஒன்றுக்கு 0, மற்றதற்கு 100 என்று வந்து நிற்கும். பத்து கிராம் வித்தியாசம்கூட மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகத் தெரியும். சந்தையில் பொதுவாகக் காணப்படும் வீச்சை எடுத்துக்கொண்டு, எந்த எல்லைகளை எடுத்தீர்கள் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆர் அளவுகோல்: முக்கியமான இடம்

பட்டைப் படத்துக்கும் கோட்டுப் படத்துக்கும் எக்ஸ், ஒய் என்று இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ரேடாருக்கு ஒன்றே ஒன்று, அதன் பெயர் ஆர். ஆரத்தைக் குறிக்கும் எழுத்து. அதை ஆப்ஷன்ஸ் என்பதற்குள் ஸ்கேல்ஸ், அதற்குள் ஆர் என்று எழுத வேண்டும்.

இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? இயல்புநிலையில் பிகின் அட் ஜீரோ என்பது ஃபால்ஸ். அதாவது அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூலகம் எண்களைப் பார்த்து, மிகச் சிறிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணை மையமாக எடுத்துக்கொள்ளும். நம் வரிசையில் சிறியது 32. படத்தின் அளவைப் பொறுத்து மையம் 30 என்றோ 20 என்றோ அமையும். 30 என்று அமைந்தால் இரண்டாவது மடிக்கணினியின் சத்தம் கிட்டத்தட்ட நடுப்புள்ளியில் விழும். நூற்றுக்கு 32 வாங்கியது பூஜ்யம் வாங்கியது போல நிற்கும். வெளி வளையமும் 90-ல் முடிந்துவிடக்கூடும். அப்போது 90 வாங்கியது முழு மதிப்பெண் போலத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலே உள்ள லெஜண்டில் ஒரு பெயரை அழுத்தினால் அந்த வடிவம் மறையும். அளவுகோலைக் கட்டிவைக்காவிட்டால், மீதமிருக்கும் எண்களை வைத்து நூலகம் புதிதாகக் கணக்குப் போடும். திரையில் இருக்கும் மற்ற வடிவமும் சட்டென்று உருமாறும். மதிப்பெண் எதுவும் மாறவில்லை, ஆனால் படம் மாறிவிட்டது.

அதனால் எல்லைகளைக் கையாலேயே எழுதிவிடுவது நல்லது. அடுக்கு இப்படி இருக்கும்:

ஆப்ஷன்ஸ்
  ஸ்கேல்ஸ்
    ஆர்
      மின்: 0
      மேக்ஸ்: 100
      டிக்ஸ்
        ஸ்டெப் சைஸ்: 20

மின், மேக்ஸ் இரண்டும் அசைக்க முடியாத எல்லைகள். இவற்றுக்குத் தம்பிகள் போல சஜெஸ்டட் மின், சஜெஸ்டட் மேக்ஸ் என்று இரண்டு உண்டு. அவை வெறும் யோசனை; தரவில் அதைவிடப் பெரிய எண் வந்தால் அளவுகோல் தானாக விரிந்துகொடுக்கும். மதிப்பெண் நூறைத் தாண்டவே தாண்டாது என்றால் மேக்ஸ். எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாத எண்கள் என்றால் பிகின் அட் ஜீரோவை ட்ரூ ஆக்கி, சஜெஸ்டட் மேக்ஸ் கொடுங்கள். மேக்ஸ் 100 என்று வைத்துவிட்டு 120 என்ற எண்ணை உள்ளே அனுப்பினால் நூலகம் அதை வெட்டிச் சரிசெய்து தராது. புள்ளி வெளி வளையத்தைத் தாண்டிப் போய் நிற்கும்.

ஸ்டெப் சைஸ் 20 என்றால் ஐந்து வளையங்கள். அதற்கு மேல் வளையங்கள் வேண்டியதில்லை. பத்து வளையம் போட்டால் தரவைவிட வலைதான் கண்ணில் படும்.

வளையங்களின் மேல் எழுதப்படும் 20, 40, 60 என்ற எண்களுக்குப் பின்னால் வெளிர் வெள்ளைக் கட்டம் ஒன்று இயல்பாக வரும். கோடுகளுக்கு நடுவில் எண் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. கருமை நிறப் பின்னணியுள்ள பக்கத்தில் அது ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். டிக்ஸுக்குள் ஷோ லேபிள் பேக்டிராப் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் கட்டம் போய்விடும். பேக்டிராப் கலர் மூலம் நிறத்தை மட்டும் மாற்றவும் செய்யலாம். நிரப்பிய வடிவம் எண்களை மறைத்தால் டிக்ஸுக்குள் இசட் என்ற அமைப்புக்கு 1 கொடுங்கள், எண்கள் மேலே வந்துவிடும். எண்களே வேண்டாம் என்றால் டிக்ஸின் டிஸ்பிளேயை ஃபால்ஸ் ஆக்கலாம், வளையங்கள் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் எண்களை விட்டுவைப்பதே நல்லது. எண் இல்லாத வளையம் வெறும் அலங்காரம்.

வலையும் அச்சுக்கோடுகளும்

வளையங்களைக் கட்டுப்படுத்துவது ஆர் அளவுகோலின் கீழ் உள்ள கிரிட். நடுவிலிருந்து வெளியே போகும் கோடுகளைக் கட்டுப்படுத்துவது ஆங்கிள் லைன்ஸ். இரண்டிலும் கலர், லைன் விட்த், டிஸ்பிளே உண்டு. இயல்பில் வலை பலகோணமாக இருக்கும். கிரிட்டுக்குள் சர்க்குலர் என்பதை ட்ரூ ஆக்கினால் வட்டமாகும். ஆறு அச்சுக்குப் பலகோணமே போதும்.

கிரிட்டின் கலருக்கு ஒரே நிறத்துக்குப் பதில் ஒரு செயற்கூறும் கொடுக்கலாம். ஒவ்வொரு வளையத்துக்கும் அது அழைக்கப்படும். வளையத்தின் மதிப்பு டிக் என்பதற்குள் வேல்யூ என்ற பெயரில் கிடைக்கும். மதிப்பு 60 என்றால் அடர் நிறம், மற்றவற்றுக்கு வெளிர் நிறம் என்று திருப்பி அனுப்பினால், தேர்ச்சிக்கோடு போல ஒரு வளையம் மட்டும் எடுப்பாகத் தெரியும். சின்ன வேலைதான், படம் படிக்கிறவருக்குப் பெரிய உதவி.

அச்சுப் பெயர்களும் தமிழ் எழுத்துருவும்

உச்சியிலும் ஓரங்களிலும் வரும் பெயர்கள் ஆர் அளவுகோலின் பாயின்ட் லேபிள்ஸ் என்ற கிளையில் இருக்கின்றன. எழுத்தின் இயல்பான அளவு 10 பிக்சல். தமிழுக்கு இது மிகச் சிறியது, சுழிகள் எல்லாம் ஒன்றாகிவிடும். பாயின்ட் லேபிள்ஸுக்குள் ஃபான்ட், அதற்குள் சைஸ் என்று போய் 14 ஆக்குங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே எழுத்துரு வேண்டும் என்றால் சார்ட்டின் டிஃபால்ட்ஸ் என்பதற்குள் ஃபான்ட், ஃபேமிலி என்று ஒரு முறை எழுதினால் போதும். படத்தை உருவாக்கும் முன் அதை எழுதுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற வலை எழுத்துருவைப் பயன்படுத்தினால் ஒரு சிக்கல் எதிர்ப்படும். கேன்வாஸில் எழுதப்படுவது படம். எழுத்துரு வந்து சேர்வதற்குள் வரைந்துவிட்டால் வேறு எழுத்துருவில் வரைந்தது அப்படியே நின்றுவிடும். பக்கத்தின் மற்ற எழுத்துகள் போல அது பிறகு தானாக மாறாது. இதற்கு டாக்குமென்ட்டின் ஃபான்ட்ஸ் என்பதில் உள்ள லோட் என்ற செயற்கூறை அழைத்து, அது முடிந்த பிறகு படத்தை உருவாக்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸ் எழுத்துருக்களை மொழிவாரியாகத் துண்டு போட்டுத் தருவதால், லோடுக்கு இரண்டாவது உள்ளீடாக ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தமிழ்த் துண்டு வராமலே வேலை முடிந்துவிட்டதாகப் பதில் வரும்.

நீளமான பெயர்கள் அடுத்த தலைவலி. கேன்வாஸில் வரி தானாக மடங்காது. பெயர்களுக்கு இடம் விட்டுவிட்டு, மீதியிருக்கும் இடத்தில்தான் நூலகம் வலையை வரையும். இடது, வலது ஓரங்களில் நீண்ட பெயர் இருந்தால் வலை சுருங்கிச் சின்னதாகிவிடும். பாயின்ட் லேபிள்ஸுக்குள் கால்பேக் என்ற அமைப்பில் ஒரு செயற்கூறு எழுதி, பெயரை இடைவெளியில் வெட்டி வரிசையாகத் திருப்பி அனுப்புங்கள். வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரியாக விழும். கர்சரை வைத்தால் வரும் பெட்டியில் முழுப் பெயர் முன்போலவே இருக்கும். நீளமான பெயருள்ள குணத்தை உச்சியிலோ அடியிலோ வருமாறு அடுக்குவதும் ஒரு வழி.

நிறமும் கோடும்

டேட்டாசெட்டுக்குள் பார்டர் கலர் கோட்டுக்கு, பேக்கிரவுண்ட் கலர் நிரப்புவதற்கு. நிரப்பும் நிறம் ஊடுருவித் தெரிய வேண்டும்; ஆர்ஜிபிஏ முறையில் கடைசி எண்ணை 0.2 அளவில் வையுங்கள். முழு நிறம் கொடுத்தால் முன்னால் இருக்கும் வடிவம் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். வரிசையில் முதலில் எழுதிய டேட்டாசெட்தான் எல்லாவற்றுக்கும் மேலே வரையப்படும். அதை மாற்ற ஆர்டர் என்ற எண் இருக்கிறது, சிறிய எண் மேலே வரும்.

மூன்று வடிவங்கள் இருந்தால் நிரப்புவதையே விட்டுவிடுங்கள், ஃபில் என்பதை ஃபால்ஸ் ஆக்கிக் கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் படம் புரிய வேண்டும். ஒன்றுக்கு வட்டப் புள்ளி, மற்றதற்கு முக்கோணம் என்று பாயின்ட் ஸ்டைலில் மாற்றலாம். ஒரு கோட்டை பார்டர் டாஷ் மூலம் விட்டுவிட்டு வரும் கோடாக்கலாம்.

டென்ஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை ஏற்றினால் கோடுகள் வளைந்து, பூவிதழ் போல அழகாகும். தொடாதீர்கள். வேகத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் எந்த மதிப்பும் கிடையாது. நேர்கோடு ஏற்கெனவே ஒரு கற்பனை, அதை வளைத்து இன்னும் உப்ப வைப்பதில் அர்த்தமில்லை.

அச்சுகளின் வரிசை

இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது கண் முதலில் பார்ப்பது பரப்பளவை. அந்தப் பரப்பளவு எந்த அச்சு எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆறு அச்சுகளில் மூன்றுக்கு 10, மூன்றுக்கு 2 என்று வையுங்கள். 10, 2, 10, 2, 10, 2 என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஒல்லியான நட்சத்திரம் வரும். அதே எண்களை 10, 10, 10, 2, 2, 2 என்று அடுக்கினால் ஒரு பக்கம் விரிந்த பெரிய வடிவம் வரும். பக்கத்துப் பக்கத்து எண்களைப் பெருக்கிக் கூட்டினால் பரப்பளவின் விகிதம் கிடைத்துவிடும்: முதல் அடுக்கில் 120, இரண்டாவதில் 248. ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை, பரப்பளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

எல்லா மதிப்பையும் இரட்டிப்பாக்கினால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்பதும் இதோடு சேர்ந்தது. எனவே அச்சுகளின் வரிசையை முதலிலேயே ஏதாவது ஒரு காரணத்தோடு முடிவு செய்துவிடுங்கள். தொடர்புடையவை பக்கத்தில் இருக்கட்டும்: வேகம், சத்தம் ஒரு பக்கம், எடை, பேட்டரி ஒரு பக்கம். ஒரே பக்கத்தில் பல ரேடார்கள் இருந்தால் எல்லாவற்றிலும் அதே வரிசை, அதே மின், அதே மேக்ஸ். நமக்குப் பிடித்த பொருள் பெரிதாகத் தெரியும் வரை வரிசையை மாற்றிப் பார்ப்பது ஏமாற்று வேலை.

கர்சரை வைத்தால் வரும் பெட்டி

மதிப்பெண்ணாக மாற்றியதில் ஒன்றை இழந்திருக்கிறோம். 80 என்றால் எத்தனை மணி நேரம் என்று படிப்பவருக்குத் தெரியாது. அதை டூல்டிப்பில் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொரு டேட்டாசெட்டிலும் நீங்களாக ஒரு பெயர் வைத்து, 12 மணி, 1.2 கிலோ போன்ற அசல் மதிப்புகளை அதே வரிசையில் சேர்த்து வையுங்கள். நூலகம் தனக்குத் தெரியாத பெயரைத் தொந்தரவு செய்யாது. பிறகு ஆப்ஷன்ஸ், பிளகின்ஸ், டூல்டிப், கால்பேக்ஸ், லேபிள் என்று இறங்கி ஒரு செயற்கூறு எழுதுங்கள். அதற்கு வரும் கான்டெக்ஸ்டில் டேட்டாசெட்டும் இருக்கும், எத்தனையாவது புள்ளி என்பதைச் சொல்லும் டேட்டா இன்டெக்ஸும் இருக்கும். இரண்டையும் வைத்து அசல் மதிப்பை எடுத்துத் திருப்பி அனுப்பினால் முடிந்தது.

ஆப்ஷன்ஸில் இன்டராக்ஷன் என்பதற்குள் மோடை இன்டெக்ஸ் என்று வைத்தால், ஒரு புள்ளியைத் தொட்டதும் அந்த அச்சில் இரண்டு மடிக்கணினிகளின் மதிப்பும் ஒரே பெட்டியில் வரும். கைபேசியில் விரலால் புள்ளியைத் தொடுவது கஷ்டம். டேட்டாசெட்டில் பாயின்ட் ஹிட் ரேடியஸ் என்பதை 10 அல்லது 15 ஆக்குங்கள். புள்ளி பெரிதாகாது, தொடும் இடம் மட்டும் பெரிதாகும்.

அளவு, புதுப்பித்தல்

ரேடாரின் இயல்பான வடிவம் சதுரம். டிவ்வுக்கு ஒரு மேக்ஸ் விட்த் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே போதும். உயரத்தை நீங்களே முடிவு செய்ய விரும்பினால் மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோவை ஃபால்ஸ் ஆக்கி, டிவ்வுக்கு உயரம் கொடுங்கள். உயரம் கொடுக்க மறந்தால் படத்தின் அளவு தாறுமாறாகும். ஃபிளெக்ஸ் அமைப்புக்குள் இருக்கும் படம் பெரிதாகிறது, திரும்பச் சுருங்க மறுக்கிறது என்றால், அந்த டிவ்வுக்கு மின் விட்த் 0 கொடுத்துப் பாருங்கள்.

எண்கள் மாறும்போது புதிதாக நியூ சார்ட் என்று அழைக்கக் கூடாது. கேன்வாஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். முதலில் உருவாக்கியதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதன் டேட்டாவை மாற்றி, அப்டேட் என்று அழையுங்கள். அசைவு இல்லாமல் உடனே மாற வேண்டும் என்றால் அப்டேட்டுக்குள் நன் என்று கொடுக்கலாம். ரியாக்ட் போன்ற இடைமுக நூலகங்களில் உறுப்பு நீங்கும்போது டெஸ்ட்ராய் அழைப்பதை மறக்காதீர்கள். நிரலை எழுதிச் சோதிக்கும் கட்டத்தில் ரியாக்டின் ஸ்டிரிக்ட் மோடு எஃபெக்டை இரண்டு முறை ஓட்டும், மேலே சொன்ன பிழை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பழைய நிரலை ஒட்டும்போது

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ரேடார் உதாரணங்களில் கணிசமானவை இரண்டாம் பதிப்புக்கு எழுதியவை. பார்த்ததுமே அடையாளம் தெரியும்: ஸ்கேல்ஸ், ஆர் என்று இல்லாமல் ஒருமையில் ஸ்கேல் என்று மட்டும் இருக்கும். பிகின் அட் ஜீரோவும் மேக்ஸும் டிக்ஸுக்குள் இருக்கும். இப்போது அவை ஆர் அளவுகோலுக்கு நேரடியாகக் கீழே வர வேண்டும். கிரிட் லைன்ஸ் இப்போது வெறும் கிரிட். ஃபான்ட் சைஸ் என்று ஒரே சொல்லாக இருந்தது ஃபான்ட்டுக்குள் சைஸ் ஆகிவிட்டது. டூல்டிப்ஸ், லெஜண்ட் இரண்டும் பிளகின்ஸுக்குள் போய்விட்டன, முன்னதன் பெயர் டூல்டிப் என்று ஒருமையாகவும் மாறிவிட்டது. பழைய பெயர்களை ஒட்டினால் பிழை எதுவும் வராது, பலனும் வராது. மேக்ஸ் 100 என்று தெளிவாக எழுதியும் படம் 90-ல் முடிகிறது என்றால் அந்த வரி எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள்.

திரை வாசிப்பான்களுக்கு

கேன்வாஸில் வரையப்படும் எதையும், பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் திரை வாசிப்பான் படிக்க முடியாது. கேன்வாஸ் உறுப்புக்கு ரோல் என்பதில் ஐஎம்ஜி என்றும், ஏரியா லேபிளில் (ஏ, ஆர், ஐ, ஏ என்ற நான்கு எழுத்து, சிறுகோடு, பிறகு லேபிள்) படம் சொல்லும் சேதியை ஒரு வாக்கியமாகவும் எழுதுங்கள். ரேடார் சார்ட் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. முதல் மடிக்கணினி பேட்டரியிலும் எடையிலும் முந்துகிறது, இரண்டாவது வேகத்தில் முந்துகிறது என்று எழுதுங்கள். அதோடு அசல் மதிப்புகளை ஒரு சாதாரண எச்டிஎம்எல் அட்டவணையாகப் படத்துக்குக் கீழே வையுங்கள். டூல்டிப்புக்காகச் சேர்த்து வைத்த அதே வரிசைகளிலிருந்து அதை உருவாக்கிக்கொள்ளலாம், தனியாக அடிக்க வேண்டியதில்லை.